அமைச்சர் வர்ற வரைக்கும் கொசு சாகக் கூடாது

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலைதான். வீட்லேர்ந்து ஒரு கூண்டை எடுத்துட்டுப் போய் விழா நடக்கற ஹால்ல வைக்கணும்.

கூண்டுக்குள்ள கொசு.

சிரிக்காதீங்க. என் வீட்டுக்காரி கலைவாணி கொசு ஆராய்ச்சி பண்றா. கல்யாணம் ஆன புதுசுல "பொண்ணு என்ன வேலை பாக்குது?"ன்னு சொந்தக்காரங்க கேட்டா, "சயின்டிஸ்ட்"னு கெத்தா சொல்லுவேன். "எதுல?"ன்னு அடுத்த கேள்வி வந்தா மட்டும் "இந்த வருஷம் மழை எப்படிங்க?"ன்னு பேச்சை மாத்திடுவேன். நான் தட்டாஞ்சாவடியில அட்டைப்பெட்டி செய்யற சின்ன கம்பெனி வெச்சிருக்கேன். எங்க ரெண்டு பேர்ல யாருக்கு மூளை, யாருக்கு அட்டைன்னு எங்க ஜனங்க ரொம்ப முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க.

இந்தத் தடவை, நம்ம வட்டாரத்து ஆராய்ச்சியாளர்களுக்குக் குடுக்கற விருது கலைவாணிக்கு வந்துச்சு. சேதி கேட்டு நான்தான் குதிச்சேன். அவ குதிக்கல.

அவளுக்கு விருதை விட வேற ஒன்னு முக்கியம். மேடை ஏறதுக்கு முன்னாடி அமைச்சர் ஒவ்வொரு விஞ்ஞானியோட டேபிள் முன்னாடியும் வருவாராம். அந்த நேரத்துல அவருகிட்ட ஒன்னு கேட்டுடணும். வீடு வீடா போய், தேங்கி நிக்கற தண்ணிய தேடிக் கொட்டறதுக்கு ஆளு போடணும். அவ்வளவுதான். ரொம்ப நாளா கேக்கறா. மனு குடுத்தா பதில் இல்ல. நேர்ல போனா "மீட்டிங்"கறாங்க. போன மழைக்கு எங்க தெருவுல ஒரு புள்ளை டெங்கு வந்து சாகக் கெடந்து பொழைச்சு வந்துச்சு. அதுலேர்ந்து இவளுக்குச் சோறு தண்ணி எறங்கல.

"அமைச்சர் நின்னாதான் நான் பேச முடியும். கொசு உசுரோட பறந்தாதான் அவரு நிப்பாரு. செத்த கொசுவை அவரு வீட்லயே பாத்துருப்பாரு. புரியுதா?"ன்னா.

"புரியுது."

"வெயில் படக் கூடாது. மேல போட்டுருக்க ஈரத்துண்டு காயக் கூடாது. குலுக்கக் கூடாது."

"என்ன கலை, கைக்குழந்தை மாதிரி சொல்ற?"

"கைக்குழந்தையா இருந்தா உங்ககிட்ட குடுத்தே இருக்க மாட்டேன்."

ஒரு சந்தேகம் மட்டும் கேட்டேன். "கடிச்சா?"

"எல்லாம் ஆம்பளைக் கொசு. லேப்லயே பொறந்து வளந்தது. நோயும் கெடையாது, கடிக்கவும் கடிக்காது. சக்கரைத் தண்ணி குடிக்கும், சும்மா சுத்தி சுத்தி வரும். வேற ஒன்னும் தெரியாது."

சொல்லிட்டு என்னை ஏன் அப்படி மேலயும் கீழயும் பாத்தான்னு தெரியல.

காலையிலயே அவ கெளம்பிட்டா. விருது வாங்கறதுக்கும் ஒத்திகை உண்டாம். எந்தப் பக்கம் ஏறணும், எந்தப் பக்கம் எறங்கணும், சால்வை போடறப்ப எவ்வளவு குனியணும். வாசல்ல நின்னு திரும்பிப் பாத்து, "பேன்ட் சட்டை போட்டுட்டு வாங்க"ன்னா.

நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டேன். பொண்டாட்டி விருது வாங்கற நாள், வாழ்க்கையில இன்னொரு தடவை எனக்கு எப்ப வரும்? கஞ்சி போட்டு விறைப்பா இருந்துச்சு. கண்ணாடியில பாத்தா எனக்கே என்னைப் பாத்து ஒரு வணக்கம் வைக்கலாம்னு தோணுச்சு.

தவளக்குப்பம் ஜங்ஷன்ல நமக்குத் தெரிஞ்ச ஆட்டோக்காரர் முருகையன் நின்னுட்டு இருந்தாரு. கூண்டோட ஏறுனேன்.

"என்ன சார் அது, லவ் பேர்ட்ஸா?"

"கொசு."

ஸ்டார்ட் பண்ண வண்டிய அணைச்சாரு. "கொசுன்னா... கொசுவா சார்?"

"கொசுதான்."

"என்ன சார் நீங்க! எங்க வீட்ல வேணுங்கற அளவு இருக்கு. ஒரு வார்த்தை சொல்லிருந்தா நானே புடிச்சாந்து குடுத்துருப்பேன்."

"இது லேப் கொசுப்பா. கடிக்காது."

"கடிக்காதா? அப்பறம் எதுக்கு சார் அதுக்குக் கொசுன்னு பேரு?"

கூண்டை மடியில வெச்சு, ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்தேன். அரியாங்குப்பம் தாண்டறதுக்குள்ள வேகத்தடை வர்றப்பல்லாம் நான் "மெதுவா! மெதுவா!"ன்னு கத்துனேன். முருகையனுக்கு என் மேல பரிதாபமே வந்துடுச்சு. "பிரசவத்துக்கு ஏத்திட்டுப் போனப்பகூட யாரும் இப்படிக் கத்தல சார்"ன்னாரு.

போற வழியில நெல்லித்தோப்புல எறங்கி, என் மாமியாரையும் ஏத்திட்டுப் போவணும். பொண்ணு மேடை ஏறப்போறான்னு அத்தை பட்டுப்புடவை கட்டி, தலை நெறைய பூ வெச்சு, வாசல்லயே நின்னாங்க.

"வாங்க மாப்ள. அது என்ன, கலையோடதா? விழாவுக்குப் போற பொருளா?"

"ஆமாங்க அத்தை. நேரமாச்சு, ஏறுங்க."

"நல்ல காரியத்துக்குப் போற பொருளை இப்படியா வெறுமன எடுத்துட்டுப் போவாங்க? இருங்க."

எனக்கு அப்பவே பொறி தட்டிருக்கணும். எங்க குடும்பத்துல புது வண்டி வந்தாலும், புது மிக்ஸி வந்தாலும், பரிட்சை எழுதப் போற புள்ளையோட பேனாவா இருந்தாலும் அத்தை கையால ஒரு சுத்து சாம்பிராணி காட்டாம வாசல் தாண்டாது. என் கம்பெனிக்கு அட்டை வெட்டற மெஷின் வந்தப்ப, புகையில மெஷினைக் காணோம்னு தேடுனோம்.

உள்ள போன அத்தை தூபக்காலோட வந்தாங்க. வெள்ளிக்கிழமைங்கறதால கனல் ஏற்கெனவே தயாரா இருந்துச்சு. ஒரு கை சாம்பிராணிய அள்ளிப் போட்டாங்க. ஈரத்துண்டைத் தூக்கிட்டு, கூண்டைச் சுத்தி ஆற அமர காட்டுனாங்க.

"அத்தை! அத்தை வேணாம்! உள்ள கொசு இருக்கு!"

"கொசு இருந்தா போயிடும் மாப்ள. அதுக்குத்தான சாம்பிராணி."

நான் கூண்டைப் புடுங்கிட்டு ஆட்டோவுக்கு ஓடுனேன். உள்ள பாத்தா, பாதிக்கு மேல தரையில மல்லாந்து கெடக்கு. முருகையன் எட்டிப் பாத்துட்டு, "மயக்கம்தான் சார், காத்துப் பட்டா எழுந்துக்கும்"ன்னு டாக்டர் மாதிரி சொல்லிட்டு வண்டிய விரட்டுனாரு. நான் அழைப்பிதழை எடுத்து விசிறிக்கிட்டே வந்தேன். கொசுவுக்கு விசிறி வீசுன ஒரே ஆம்பளை இந்தப் புதுச்சேரியில நான்தான்.

பீச் ரோடு கிட்ட வர்றப்ப ஒன்னு காலை ஆட்டுச்சு. அப்பறம் ஒன்னு எழுந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் பறக்க ஆரம்பிச்சுது. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. பக்கத்துல அத்தை, "பாத்தீங்களா, சாம்பிராணி காட்டுனதுக்கு எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கு"ன்னாங்க.

ஹால், பீச் பக்கம். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர்ல கோடு போட்டு வெச்சிருந்தாங்க. வாசல்ல சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருத்தர் எல்லா வண்டியையும் தெருமுனைக்குத் துரத்திட்டு இருந்தாரு. எங்க ஆட்டோவையும் துரத்த வந்தவரு, குனிஞ்சு உள்ள பாத்தாரு. என் வேட்டி சட்டையைப் பாத்தாரு. விறைப்பா ஒரு சல்யூட் அடிச்சு, கேட்டைத் தொறந்து விட்டாரு.

அங்கதான் எனக்குப் புத்தி கெட ஆரம்பிச்சுது.

உள்ள போனா, ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே வந்து என் சட்டையில ரிப்பன் வெச்ச பேட்ஜ் ஒன்னைக் குத்துச்சு. பேட்ஜ் தாம்பாளத் தட்டு அளவு. அதுல "குடும்பத்தினர்"ங்கற எழுத்து எறும்பு அளவு. தூரத்துலேர்ந்து பாக்கறவங்களுக்கு ரிப்பன் மட்டும்தான் தெரியும்.

கலைவாணி பேரு போட்ட டேபிள்ல கூண்டை எறக்கி வெச்சேன். எல்லாம் ஜோரா பறந்துச்சு. "வந்துட்டோம். எல்லாரும் நலம்"னு அவளுக்கு மெசேஜ் போட்டேன். "மாடி ரூம்ல ஒத்திகை. முடியப் போவுது. டேபிளை விட்டு நகராதீங்க"ன்னு பதில் வந்துச்சு.

நகர்ந்தேன். பின்னாடி வடை வாசனை வந்துச்சு, நான் என்ன பண்ணட்டும்?

பின்வாசல் கிட்ட போறப்ப, "ஐயா வணக்கம்"னு ஒரு குரல். யாரைக் கூப்புடறாங்கன்னு திரும்பிப் பாத்தேன். பின்னாடி யாரும் இல்ல. ஐயாங்கறது நான்தான்.

தோள்ல புகை மெஷினை மாட்டிட்டு ஒருத்தர் பணிவா நின்னாரு. "அமைச்சர் வர்றதுக்கு முன்னாடி ஒரு சுத்து கொசு மருந்து அடிச்சுடச் சொன்னாங்கய்யா. வெளிய மட்டும் போதுங்களா, உள்ளயும் அடிக்கணுங்களா?"

"நான் யாரும் இல்லப்பா, வேற யாரையாவது கேளு"ன்னு சொல்லிருக்கணும். ஆனா யோசிச்சுப் பாருங்க. வீட்ல தோசையா இட்லியான்னுகூட என்னை யாரும் கேக்கறதில்ல. கம்பெனியில பெட்டி என்ன சைஸ்னு வாங்க வர்றவங்க சொல்லுவாங்க. முதல் தடவையா ஒரு மனுஷன், கை கட்டி நின்னு, என் முடிவுக்காகக் காத்துட்டு இருக்காரு.

கையைப் பின்னாடி கட்டிக்கிட்டேன். ஹாலை ஒரு பார்வை பாத்தேன்.

"உள்ளயும் அடிங்க. இது கொசு ஆராய்ச்சிக்கும் விருது குடுக்கற விழா. இங்கயே அமைச்சரை ஒரு கொசு கடிச்சா எவ்வளவு அசிங்கம்?"

"ஆமாங்கய்யா. அந்த டேபிளுங்க பக்கம்?"

"அங்கதான் முக்கியமா அடிக்கணும். அமைச்சர் அங்கதான நிப்பாரு."

இதெல்லாம் என் வாயாலயே, என் புத்தியோடயே சொன்னது. யாரும் மிரட்டல.

பின்கட்டுல அத்தைக்கு ஒரு வடை வாங்கிக் குடுத்து, நானும் ஒன்னு எடுத்துக்கிட்டேன். உள்ள மெஷின் டர்ர்ருன்னு ஓடுச்சு. ஜன்னல் வழியா வெள்ளைப் புகை குபுகுபுன்னு வந்துச்சு. நாற்காலி போட்டுட்டு இருந்தவங்கல்லாம் இருமிக்கிட்டே வெளிய ஓடியாந்தாங்க.

"பாத்தீங்களா அத்தை? நான் சொல்லித்தான் அடிக்கறாங்க."

"நல்லா பொகையுது மாப்ள"ன்னு அத்தை பெருமையா தலையாட்டுனாங்க.

வடையில கடைசி வாய் இருந்துச்சு. அப்பதான் கூண்டு ஞாபகம் வந்துச்சு.

ஓடுனேன். வேட்டி தடுக்குது, கண்ணு எரியுது, எதிர்ல ஆளு தெரியல. தடவிக்கிட்டே டேபிளைக் கண்டுபுடிச்சேன். கூண்டைத் தட்டுனேன். ஊதுனேன். குலுக்குனேன்கூட. சாம்பிராணிக்கு எழுந்தவங்க இதுக்கு எழுந்துக்கல. மொத்தமும் அடியில மிளகுப்பொடி தூவுன மாதிரி கெடந்துச்சு.

முந்தானையால மூக்கை மூடிக்கிட்டு கலைவாணி வந்தா. கூண்டைப் பாத்தா. என்னைப் பாத்தா.

"என்னங்க ஆச்சு?"

"யாரோ கூறு கெட்டவங்க உள்ளாற மருந்து அடிச்சுட்டாங்க கலை. கேக்க ஆளே இல்ல பாரு இங்க."

சொல்லி வாய் மூடல. புகைக்குள்ளேர்ந்து அந்த மெஷின்காரர் வெளிய வந்தாரு. முகம் முழுக்க திருப்தி.

"ஐயா, நீங்க சொன்ன மாதிரியே இந்த டேபிள் பக்கம் நின்னு நிதானமா அடிச்சுட்டேங்க. வேற எங்கயாவது அடிக்கணுங்களா?"

"போதும்பா"ன்னேன்.

கலைவாணி திட்டுவான்னு பாத்தேன். திட்டல. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா. கூண்டு மேல கைய வெச்சுக்கிட்டு, "இன்னைக்கு விட்டா அவரை எங்கங்க புடிக்கறது"ன்னா. அந்த நிமிஷம், சத்தியமா சொல்றேன், அந்த வேட்டி சட்டைய அங்கயே கழட்டிப் போட்டுட்டு ஓடிடலாம்னு இருந்துச்சு. அவ இத்தனை நாள் அலைஞ்ச அலைச்சலை நான் ஒரு வணக்கத்துக்கு வித்துட்டேன்.

"வெளிய போய் வேற கொசு ஏதாவது புடிச்சாரட்டுமா கலை?"

"எங்கேர்ந்து? அதான் பறக்கறதுல ஒன்னு விடாம..."

அங்கயே நிறுத்திட்டா. தலையைத் தூக்குனா. "பறக்கறதுதான செத்துருக்கும்?"

"ஆமா..."

"எழுந்திரிங்க. கண்ணாடி டம்ளர் ஒன்னு எடுத்துட்டு வாங்க. ஒரு கரண்டியும்."

பின்கட்டுக்கு ஓடி ரெண்டையும் வாங்கியாந்தேன். அவ முன்னாடி, நான் பின்னாடி. பூந்தொட்டிக்கு அடியில இருந்த தட்டைப் பாத்தா, காஞ்சு கெடந்துச்சு. ஓரத்துல இருந்த வாளியில ஒன்னும் இல்ல. மேடை மேல ஏறுனா. அமைச்சர் உக்கார சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி. அதுக்குப் பின்னாடி பெரிய ஏர் கூலர். வெயில் காலத்துல கொண்டாந்து வெச்சது போல, தண்ணி மாத்தி எவ்வளவு நாளாச்சோ. பக்கவாட்டு மூடியக் கழட்டி, உள்ள செல்போன் லைட் அடிச்சா.

"இங்க வாங்க."

தண்ணிக்குள்ள சின்னச் சின்ன நூல் மாதிரி, தலைகீழா தொங்கிக்கிட்டு, நெளிஞ்சு நெளிஞ்சு ஆடுச்சு. கொசுப்புழு. அத்தனையும் உசுரோட.

"இவ்வளவு மருந்துக்கும் இதுங்களுக்கு ஒன்னும் ஆவலியா?"

"புகை தண்ணிக்குள்ள போவாதுங்க. இதைத்தான இத்தனை நாளா தொண்டை கிழிய கத்திட்டு இருக்கேன். அள்ளுங்க."

மண்டி போட்டு அள்ளுனேன். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில கூலரோட பச்சைத் தண்ணி வழியுது. முழங்கை வரைக்கும் பாசி. பேனர் கட்டிட்டு இருந்த ஒருத்தர் எட்டிப் பாத்து, "கூலர் மெக்கானிக்கா? எப்பவோ வரச் சொன்னோமே, இப்பதான் வர்றியா?"ன்னு அதட்டுனாரு. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி ஐயாவா இருந்தவன் நான்.

"இதோ முடிஞ்சுது சார்"ன்னேன்.

டம்ளரை டேபிள்ல வைக்கவும், வெளிய வண்டிங்க வந்து நிக்கவும் சரியா இருந்துச்சு. சுத்தி பெரிய கூட்டத்தோட அமைச்சர் வந்தாரு. பக்கத்து டேபிள்ல கடல்பாசி ஆராய்ச்சி. "பேஷ், பேஷ்"னு நடந்துக்கிட்டே சொன்னாரு, நிக்கல. எங்க டேபிளையும் தாண்டப் போனவரு, கூண்டைப் பாத்துட்டு நின்னாரு.

"என்னம்மா, எல்லாம் செத்துக் கெடக்கு?"

கூட வந்தவங்க சிரிச்சாங்க.

"இப்ப அடிச்ச புகையில செத்துச்சு சார்."

"நல்லதுதான? நம்ம மருந்து வேலை செய்யுதுன்னு காட்டறீங்க."

"ஆமா சார். இதையும் ஒரு நிமிஷம் பாருங்க." டம்ளரை நீட்டுனா.

அமைச்சர் குனிஞ்சாரு. "என்னமோ நெளியுதே?"

"கொசுப்புழு சார். அதே புகையில, அதே நேரத்துல இதுவும் இருந்துச்சு. இதுக்கு ஒன்னும் ஆவல. இன்னும் கொஞ்ச நாள்ல எல்லாம் பறக்கும்."

"எங்கேர்ந்து புடிச்சீங்க? எந்த ஏரியா?"

கலைவாணி ஒரு நொடி தயங்கிட்டு, கைய மேடைப் பக்கம் காட்டுனா. "உங்க நாற்காலிக்குப் பின்னாடி இருக்க கூலர் சார்."

இப்ப யாரும் சிரிக்கல.

அமைச்சர் டம்ளரை வாங்கி, வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. "அப்ப நாங்க ஊரெல்லாம் அடிக்கற புகை?"

"பறக்கறது கொஞ்சம் கொறையும் சார். தண்ணிய கொட்டலைன்னா திரும்ப வந்துடும். அதுக்குத்தான் வீடு வீடா போய் பாக்க ஆளு கேக்கறேன்."

"இங்க புகை யாரு அடிக்கச் சொன்னது?"

நான் மெதுவா ரெண்டு அடி பின்னாடி போனேன். கலைவாணி என் சட்டையைப் புடிச்சு முன்னாடி இழுத்தா.

"என் வீட்டுக்காரர் சார். அவரே கூட நின்னு அடிக்க வெச்சாரு. வித்தியாசம் தெரியணும்ல?"

பாசிக் கையோட கும்பிட்டேன். அமைச்சர் என் வேட்டியையும், அதுல வழியற பச்சைத் தண்ணியையும் பாத்து, "பொண்டாட்டி ஆராய்ச்சிக்கு இந்த அளவு எறங்கி வேலை செய்யறீங்களே, பெரிய விஷயம்"னு தோள்ல தட்டுனாரு. அப்பறம் பக்கத்துல நின்ன அதிகாரிகிட்ட திரும்பி, "இந்தம்மா சொல்றபடி ஆளு ஏற்பாடு பண்ணுங்க. வர்ற வாரமே ஆரம்பிக்கணும். முதல்ல அந்தக் கூலரைத் தூக்குங்க"ன்னாரு.

கூலரைத் தூக்கிட்டாங்க. மேடையில இருந்த அத்தனை பேரும் வேத்து விறுவிறுத்துப் போய் உக்காந்துருந்தாங்க. அந்த வேர்வையிலதான் கலைவாணி சால்வை வாங்குனா, கேடயம் வாங்குனா. மைக்ல, புகை எதைக் கொல்லும், எதைக் கொல்லாதுன்னு விலாவாரியா பேசுனா. முதல் வரிசையில உக்காந்து அத்தை ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டி, அழுது, கைதட்டி, பக்கத்துல இருந்தவங்ககிட்டல்லாம் "என் பொண்ணு"ன்னு சொன்னாங்க.

திரும்பி வர்றப்ப ஆட்டோவுல கேட்டேன். "கோவமா கலை?"

"இருக்கு."

"அதான் நினைச்சது நடந்துடுச்சே."

"அதனாலதான் கொஞ்சமா இருக்கு."

ஆளுங்க வந்தாங்க. பத்தாததுக்குத் தன்னார்வலர் வேணும்னாங்க. கலைவாணி என்னைக் கேக்காமலே முதல் பேரா என் பேரைக் குடுத்தா. இப்ப ஞாயித்துக்கிழமையானா, டார்ச் லைட்டும் கரண்டியுமா நெல்லித்தோப்புல வீடு வீடா ஏறி எறங்கறேன். பிரிட்ஜுக்குப் பின்னாடி தட்டு, மொட்டை மாடி டயர், தேங்காய்த் தொட்டி, ஒன்னு விடறதில்ல. "புகை தண்ணிக்குள்ள போவாதும்மா, தண்ணிய கொட்டுங்க"ன்னு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.

போன வாரம் அத்தை வீடு. கொல்லையில பழைய அண்டா ஒன்னுல புழு நெளிஞ்சுது. அண்டாவைக் கவுத்துட்டு, அத்தைய உக்கார வெச்சு, முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பொறுமையா விளக்குனேன். கவனமா கேட்டாங்க. எல்லாத்துக்கும் தலையாட்டுனாங்க. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பறப்ப, குரலைத் தாழ்த்தி ஒன்னே ஒன்னு கேட்டாங்க.

"எல்லாம் சரிதான் மாப்ள. புகை எப்ப அடிக்க வருவீங்க?"